எங்கட ஆக்கள்

2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் வீட்டுக்குப் போனேன். அவர் நாட்டை விட்டுப் போய் முப்பத்தொன்பது வருடங்கள். இடையில் இரண்டு தடவை யாழ்ப்பாணம் வந்து பத்து நாள், பன்னிரண்டு நாள் நின்று போயிருக்கிறார். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

போய்ச் சேர்ந்த அன்று மாலை, கொண்டு போன பனங்கட்டியையும் மிளகாய்த்தூளையும் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டே ஊர்ப் புதினங்களைச் சொல்லத் தொடங்கினேன். சரியாக ஏழு மணி. அண்ணா எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். அவருடைய பேத்தி, பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஒரு கொப்பியும் பென்சிலுமாக ஓடி வந்து பக்கத்தில் இருந்தாள். நான் கதையைத் தொடர்ந்தேன். அண்ணா திரும்பாமலே, "கொஞ்சம் பொறு பிள்ளை, துடங்கப் போகுது" என்றார்.

எனக்கு மனம் சுருக்கென்றது. கடல் கடந்து வந்த தங்கச்சியை விட ஒரு பந்தடி பெரிதாகப் போய்விட்டதா? குசினிக்குள் போய் மச்சாளோடு வெங்காயம் உரித்தேன். மச்சாள் சிரித்தார். "குறை நினையாதையுங்கோ. இந்த வீட்டில பங்குனிக் கடைசியில இருந்து புரட்டாதி மட்டும் இதுதான். வருசத்துக்கு 162 ஆட்டம். நான் பழகிட்டன்" என்றார்.

குசினிக்குள் நின்று மற்றவர்களின் விளையாட்டைக் கேட்பது எனக்குப் புதிதல்ல.

எங்கள் அப்பா யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் போட்டி 1904இல் ஆரம்பமானது. 'வடக்கின் பெரும் போர்' என்று இன்றும் நடக்கிறது. அந்த நாட்கள் வந்தால் அப்பாவைப் பிடிக்க முடியாது. வெள்ளை வேட்டி, குடை, ஒரு போத்தல் மோர். அண்ணாவைச் சயிக்கிள் பாரில் இருத்திக்கொண்டு வெளிக்கிடுவார். நானும் வாறன் என்று ஒருமுறை படலை வரைக்கும் ஓடினேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை? அம்மாவோட நில்" என்றார். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் அந்தப் படலை சாத்தப்பட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

பின்னேரம் அவர்கள் திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு ஒவ்வொரு பந்தாகக் கதைப்பார்கள். குசினி யன்னலால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படித்தான் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் பந்தைத் தவறவிட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வருடம் மத்திய கல்லூரி தோற்றுப் போக, அண்ணா கிணற்றுக் கட்டில் இருந்து விம்மி விம்மி அழுதார். அப்போது அப்பா சொன்னது: "வெல்லுற நாளில மட்டும் எங்கட ஆக்கள் எண்டால், அவை எங்கட ஆக்கள் இல்லயடா."

1986இல் அண்ணா கனடாவுக்குப் போனார். பகலில் தொழிற்சாலையிலும் இரவில் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவுவதிலும் காலம் போனது. அந்தக் குசினியில் ஒரு வானொலி இருந்தது. அதில் ஒவ்வொரு இரவும் பேஸ்போல் ஆட்டத்தின் நேரடி வர்ணனை போகும். ரொறன்ரோவின் அணிக்கு 'புளூ ஜேஸ்' என்று பெயர். அந்த நாட்டிலுள்ள ஒரு நீலப் பறவையின் பெயர் அது. 1977இல் தொடங்கிய அணி. முதல் ஆட்டத்தன்று மைதானத்தில் பனி கொட்டியிருந்ததாம். வர்ணனையாளர் ரொம் சீக் அந்த முதல் ஆட்டத்திலிருந்தே பேசி வந்தவர். அவருடைய குரலைக் கேட்டுத்தான் தனக்கு இங்கிலீசு வந்தது என்று அண்ணா சொல்வார்.

1992இல் புளூ ஜேஸ் உலகத் தொடரை வென்றது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்து வந்த ஓர் அணி அதை வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த வருடமும் இறுதி வரை வந்தது. 1993 ஒக்ரோபர் 23 இரவு, ஆறாவது ஆட்டம். எதிரணி பிலடெல்பியா 6, ரொறன்ரோ 5. ஆட்டத்தின் கடைசிச் சுற்று. இரண்டு பேர் ஓட்டத்துக்குத் தயாராக நிற்க, ஜோ கார்ட்டர் என்பவர் பந்தை எல்லைக்கு வெளியே அடித்தார். ஒரே அடியில் மூன்று ஓட்டங்கள். 8க்கு 6 என்று கிண்ணம் ரொறன்ரோவுக்கு. குசினியில் இருந்தவர்களெல்லாம் சவர்க்கார நுரைக் கையோடு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்ததாக அண்ணா எழுதியிருந்தார்.

அந்தக் கடிதம் எங்களுக்குக் கிடைக்கப் பல வாரங்கள் சென்றன. அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அப்பா அதை மூன்று தரம் வாசித்தார். அடுத்த நாள் காலை முற்றத்து மணலில் ஒரு தடியால் சாய்சதுரம் கீறி, என் பிள்ளைகளைக் கூப்பிட்டு நாலு மூலையிலும் நிறுத்தி, அண்ணா எழுதியபடி அந்த அடியை விளங்கப்படுத்தினார். பேஸ்போலை ஒருநாளும் கண்ணால் காணாத மனிதர். அதன் பிறகு எழுதிய கடிதங்களிலெல்லாம், "உன்ர ஆக்கள் எப்பிடி?" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். 1994இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் உலகத் தொடரே நடக்கவில்லை என்று அண்ணா எழுதியபோது, "அங்கயும் வேலைநிறுத்தமோ?" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனங்களோடு நாங்களும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனோம். மழை, சேறு, நெரிசல். டிசம்பரில் கொடிகாமத்தில் ஒரு தெரிந்தவரின் விறாந்தையில் அப்பா கண்ணை மூடினார். அண்ணாவுக்குச் செய்தி போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அவரிடமிருந்து கொஞ்சம் காசும் நாலு வரிக் கடிதமும் வந்தன. அழுததாக ஒரு சொல் இல்லை. 'வர முடியாது' என்று மட்டும் இருந்தது.

வர முடியாதென்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு வரியை நான் மன்னிக்கவில்லை. பிறகு வந்த இரண்டு தடவையும் அண்ணா அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. தூரம் போனவருக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவோடுதான் ரொறன்ரோவில் விமானத்தை விட்டு இறங்கினேன்.

இரண்டாவது நாள் மாலை சின்னவள் குசினிக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "யாழ்ப்பாணத்து அம்மம்மா, நீங்களும் வாங்கோ. நான் சொல்லித் தாறன்" என்றாள். அறுபத்தேழு வயதில் ஒரு பிள்ளை வந்து விளையாட்டுப் பார்க்கக் கூப்பிடுகிறாள். கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

அவளுடைய தமிழ் கொஞ்சம், என்னுடைய இங்கிலீசு கொஞ்சம். அதற்குள்ளேயே பாடம் நடந்தது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒன்பது சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்தின் மூன்று பேர் ஆட்டமிழந்தால் மற்றப் பக்கம் துடுப்பெடுக்கும். பந்து நிலத்தில் குத்தி வராது, நேராக வரும். துடுப்பு உலக்கை போல உருண்டையானது. பத்துத் தடவையில் மூன்று தடவை ஒழுங்காக அடித்து ஓடுபவரே கெட்டிக்காரர் என்று மதிக்கப்படுவார். "அப்ப ஏழு தரம் பிழைச்சாலும் பறவாயில்லையோ?" என்று கேட்டேன். "ஓம், அதுதான் கேம்" என்றாள்.

பிறகு ஓட்டம் எடுப்பதை விளங்கப்படுத்தினாள். துடுப்புப் பிடிப்பவர் நிற்கும் இடத்துக்கு 'ஹோம்' என்று பெயர். "ஹோம் எண்டா வீடு. வீட்டில இருந்து வெளிக்கிட்டு மூண்டு இடமும் சுத்தித் திரும்ப வீட்டுக்கு வந்தாத்தான் ஒரு ஓட்டம். மூண்டாவது இடம் மட்டும் வந்து நிண்டா ஒண்டும் இல்ல." அண்ணா ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்ரெம்பர் கடைசி வாரத்தில் என்னை மைதானத்துக்கும் கூட்டிப் போனார்கள். 1989இல் திறந்த மைதானம் அது. உயர்ந்த சீ.என். கோபுரத்தின் காலடியில் இருக்கிறது. அதன் கூரையைத் திறந்து மூடலாம். திறக்க இருபது நிமிடங்கள்தான். நீலச் சட்டை போட்ட சனம். தாத்தாமார், பேரப்பிள்ளைகள், கைக்குழந்தையோடு தாய்மார், முக்காடு போட்ட பெண்கள், தலைப்பாகை கட்டியவர்கள், எங்கள் ஊர் முகங்கள். ஏழாவது சுற்றின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று கை கால்களை நீட்டி உடற்பயிற்சி செய்தார்கள். சேலையோடு நானும் செய்தேன். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா படலையடியில் விட்டுப்போன சிறுமியை ஐம்பத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு சிறுமியே உள்ளே அழைத்துப் போனாள் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

இந்த அணியிலும் தலைமுறைக் கதைகள் நிறைய உண்டு. முன்னணி ஆட்டக்காரரான விளாடிமிர் கெரேரோ பிறந்தது மொன்றியல் நகரில், 1999இல். அவருடைய தகப்பன் அதே பெயர் கொண்ட பெரிய ஆட்டக்காரர். அப்போது மொன்றியல் அணிக்கு விளையாடிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் தகப்பனின் சட்டையைப் போல ஒன்றைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்ற பிள்ளைதான் இன்று ரொறன்ரோவின் நாயகன். அந்த வருடம் அணியில் விளையாடிய போ பிஷெற் என்பவரின் தகப்பனும் பேஸ்போலில் பேர் எடுத்தவரே. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு கதை. கெரேரோவின் அப்பம்மா டொமினிக்கன் நாட்டுக்காரி. மகன் விளையாடிய காலத்தில் அவரோடு தங்கி, அவருக்கும் கூட்டாளிகளுக்கும் சில வேளை எதிரணி ஆட்டக்காரருக்கும்கூட ஊர்ச் சாப்பாடு சமைத்துக் கொடுத்தாராம். பிறகு பேரனுக்கும் அப்படியே. இதைக் கேட்ட அன்று நான் குழல் பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டு வந்து வைத்தேன். வீட்டில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

ஒருநாள் சின்னவள் பழைய கொப்பிகள் நிறைந்த ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் ஆட்டம் பார்க்கும்போது எழுதுவதைப் போலவே, அண்ணா 1992இலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். பந்து எறிபவருக்கு 1, பிடிப்பவருக்கு 2 என்று ஒவ்வொரு ஆட்டக்காரரின் இடத்துக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கங்களைக் கொண்டே ஆட்டம் முழுவதையும் திரும்பச் சொல்லிவிடலாம். அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதற்காகத்தான் இதைத் தொடங்கினாராம். அப்பா போன பிறகும் நிறுத்தவில்லை.

சின்னவள் ஒரு பக்கத்தைக் காட்டினாள். "அம்மம்மா, இதில மட்டும் ஸ்கோர் இல்ல. தமிழில என்னமோ இருக்கு. தாத்தாவைக் கேட்டா, 'பிறகு சொல்லுறன்' எண்டுறார். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசியுங்கோ."

2004 யூன் 3 என்று திகதி இருந்தது. கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கீழே அண்ணாவின் சரிந்த எழுத்து:

"இண்டைக்கு ரொம் சீக் வரேல்ல. அவற்ற தகப்பன் மோசம் போட்டார். அவர் போயிட்டார். நான் போகேல்ல."

ரொம் சீக் 1977இலிருந்து ஓர் ஆட்டமும் விடாமல் 4,306 ஆட்டங்களுக்கு வர்ணனை சொன்னவர். காய்ச்சல், களைப்பு ஒன்றுக்கும் நிற்காதவர். தகப்பன் இறந்தபோதுதான் முதன்முதலாக அந்தக் குரல் வானொலியில் இல்லாமல் போனது. அடுத்த வருடம் அவரும் நோயினால் இறந்துவிட்டார். 4,306 என்ற அந்த இலக்கத்தை அவருடைய பெயரோடு மைதானத்தில் பொறித்திருக்கிறார்கள். நானும் அதைப் பார்த்திருந்தேன். ஏதோ கணக்கு என்று நினைத்திருந்தேன்.

அப்பா இறந்து எட்டரை வருடங்களுக்குப் பிறகு, ஒரு வேற்று மனிதரின் தகப்பனுடைய சாவில் அண்ணா தன் தகப்பனுக்காக அழுதிருக்கிறார். நாலு வரிக் கடிதத்தில் நான் தேடிக் கிடைக்காதது, இங்கே நாலு வசனத்தில் இருந்தது. சின்னவளுக்குச் சொன்னேன்: "உன்ர தாத்தாவின்ர அப்பா செத்த நேரம் தாத்தாவால ஊருக்குப் போக முடியேல்ல. அதை எழுதியிருக்கிறார்." அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவர் மூண்டாவது இடத்திலயே நிண்டிட்டாரா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அண்ணாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து ஆட்டம் பார்த்தேன்.

ஒக்ரோபர் மாதம் ரொறன்ரோ நகரமே நீலமானது. 1993க்குப் பிறகு முதல் தடவையாக புளூ ஜேஸ் உலகத் தொடருக்கு வந்தது. எதிரணி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ். மூன்றாவது ஆட்டம் ஒன்பது சுற்றில் முடியவில்லை. பதினெட்டுச் சுற்றுகள் போனது. ரொறன்ரோ நேரப்படி விடியப்புறம் மூன்று மணியை நெருங்கித்தான் முடிந்தது, அதுவும் தோல்வியில். "நாளைக்குப் பள்ளிக்கூடம், போய்ப் படு" என்று மருமகள் பதினொரு மணியிலிருந்து கத்தினாள். பிறகு அவளும் வந்து எங்களோடு போர்வைக்குள் இருந்துவிட்டாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் வென்ற அணி. அவள் வளர்ந்து பெரியவளான வருடங்களில் வெறும் தோல்விகளையே கண்டவள். 2015இல் இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அணி அடுத்த கட்டத்துக்குப் போனபோது, இரண்டு வயதுச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு அண்ணா அறை முழுக்க ஆடினாராம்.

நவம்பர் 1ஆம் திகதி ஏழாவது ஆட்டம், ரொறன்ரோவில். இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஆட்டங்கள் வென்றிருந்தன. மூன்றாவது சுற்றில் பிஷெற்றின் ஓர் அடியில் 3 ஓட்டங்கள். கடைசிச் சுற்றில் 4க்கு 3 என்று முன்னால் நின்றோம். இன்னும் இரண்டு பேர் ஆட்டமிழந்தால் கிண்ணம் எங்களுக்கு. அந்த நேரம் மிகெல் ரோஹஸ் பந்தை வெளியே அடித்துச் சமப்படுத்தினார். பிறகு எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் மூன்றாவது இடத்திலிருந்து வீட்டுக்கு ஓடி வந்து, கால் சில அங்குலம் பிந்தியதால் ஆட்டமிழந்தார். பதினோராவது சுற்றில் டொட்ஜர்ஸ் இன்னொன்று அடித்தது. கடைசியாக எங்கள் கெரேரோ மூன்றாவது இடத்தில் நின்றார். அவர் வீட்டுக்கு வரவேயில்லை. 5க்கு 4. நள்ளிரவு தாண்டியிருந்தது.

சின்னவள் பென்சிலை எறிந்துவிட்டுக் குப்புற விழுந்து அழுதாள். மருமகள் தலையைத் தடவினாள். அண்ணா அசையாமல் இருந்தார். ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. அப்போது நான் நினைக்காமலே என் வாயிலிருந்து வந்தது:

"வெல்லுற நாளில மட்டும் எங்கட ஆக்கள் எண்டால், அவை எங்கட ஆக்கள் இல்லயடி."

அண்ணா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "உனக்கெப்பிடித் தெரியும்? அது அப்பா எனக்கெல்லோ சொன்னவர்."

"குசினி யன்னலால கேட்டனான்" என்றேன்.

அண்ணாவின் கண்கள் நிறைந்தன. எழுபது வயது மனிதர், கிணற்றுக் கட்டில் இருந்த பத்து வயதுப் பெடியனைப் போல அழுதார். அன்று விடியும் வரைக்கும் மச்சாள் தேநீர் போட்டுத் தந்துகொண்டே இருக்க, நாங்கள் இருவரும் அப்பாவைப் பற்றிக் கதைத்தோம். கொடிகாமத்து விறாந்தையில் கடைசி நாட்களில் அப்பா என்ன கேட்டார், என்ன சாப்பிட்டார், யாரைக் கூப்பிட்டார் என்று எல்லாம் சொன்னேன். "உன்ர ஆக்கள் எப்பிடி எண்டு கேட்டு எழுதச் சொன்னவர். கடதாசி இல்லாததால எழுதேல்ல" என்றேன். முப்பது வருடங்களாக இரண்டு பேரும் சுமந்தது அன்றுதான் இறங்கியது. சின்னவள் என் மடியில் நித்திரையாகிப் போனாள்.

சகோதரிகளே, விளையாட்டெல்லாம் ஆண்களின் நேரப்போக்கு என்றும், பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது என்றும் நானும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நேரத்துக்குப் படுக்க வேண்டும், படிக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு தகப்பன் மகனிடமும், தாத்தா பேத்தியிடமும் நேராகச் சொல்ல முடியாத எவ்வளவோ விஷயங்கள் ஓர் ஆட்டத்தின் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது தாமாக வந்துவிடுகின்றன. உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ எதையாவது விரும்பிப் பார்த்தால், குசினியில் நின்று குறை சொல்லாமல் ஒருநாள் பக்கத்தில் போய் இருந்து, "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளை "நானும் வாறன்" என்று படலை வரைக்கும் ஓடி வந்தால், அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெளிக்கிடும் நாளில் சின்னவள் எனக்கு ஒரு புதுக் கொப்பியும் பென்சிலும் தந்தாள். முதல் பக்கத்தில் கட்டங்களை அவளே கீறியிருந்தாள். மேலே, கோணல் மாணலான தமிழ் எழுத்தில், நான் இல்லாத நேரம் தாத்தாவிடம் கேட்டு எழுதிய இரண்டு சொற்கள்: "எங்கட ஆக்கள்."